வழி தவறிய கர்னல்

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கிறது அசாயே. கைத்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி தன் படையை வரிசைப்படுத்துகிறார். எதிரே மராத்தியர்களான சிந்தியாவும் பேரார் அரசரும் திரட்டிய பெரும்படை. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை, அதற்கு ஒரு ஜெர்மானியத் தளபதி, நூறுக்கு மேற்பட்ட பீரங்கிகள். வெல்லெஸ்லியின் காலாட்படையில் இரண்டு பட்டாளங்கள் ஸ்காட்லாந்துக்காரர்களுடையவை. மற்றவை மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்ப் பட்டாளங்கள்.

வலது ஓரத்தில் முன்காவல் படையை நடத்திப்போகும் பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஓராக்குக்கு. அசாயே கிராமத்தைச் சுற்றிப் பீரங்கிகள் அடர்ந்திருக்கின்றன, அந்தப் பக்கம் ஒட்டாமல் விலகிப் போக வேண்டும் என்பது தலைவரின் கணக்கு. ஓராக் நேரே கிராமத்தைப் பார்த்து நடந்தார். அவருக்குத் துணையாக வந்த 74வது ஹைலேண்டர் பட்டாளமும் பின்னாலேயே போனது. சுமார் 500 பேரில் 400 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். 19வது லைட் டிராகூன்களும் மதராஸ் குதிரைப்படையும் பாய்ந்து வந்திராவிட்டால் மிச்சமும் தேறியிருக்காது. ஆனாலும் அன்று ஜெயித்தது வெல்லெஸ்லிதான்.

இந்தப் போரை ஆறடிக்கு நாலடி மேசையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட உட்காருகிறீர்கள். நீங்கள்தான் வெல்லெஸ்லி. அசாயேயில் பீரங்கி இருப்பது உங்களுக்குத் தெரியும். மேசையில் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஓராக்கின் பொம்மைகள் உங்கள் கை வைத்த இடத்தில்தான் நிற்கும். அவற்றைக் கொண்டுபோய்ப் பீரங்கி வாயில் நிறுத்த உங்களுக்கு என்ன பைத்தியமா? ஆக, ஓராக் வழி தவறவே மாட்டார். ஓராக் வழி தவறாத அசாயே, அசாயே இல்லை.

அவரை வழி தவற வைப்பது யார் பொறுப்பு? மினியேச்சர் போர்விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கான விதிநூல்கள் வந்திருக்கின்றன. எந்தப் பொம்மை எத்தனை அங்குலம் நகரும், எத்தனை பகடை உருட்டலாம் என்பதெல்லாம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். நூலுக்கு நூல் வேறுபடுவது இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில். புதிதாக ஒரு விதிநூலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பொம்மை ஒரு கடை, விதி ஒரு கடை

கேரம்போர்டு வாங்கினால் காய், ஸ்ட்ரைக்கர், விதி எல்லாம் சேர்ந்தே நமக்கு வந்துவிடுகின்றன. இந்த விளையாட்டு அப்படியில்லை. பொம்மையைச் செய்வது ஒரு கம்பெனி, விதிநூலை வெளியிடுவது இன்னொன்று. மேசைமேல் இருக்கும் குன்றும் வேலியும் ஆறும் ஆடுகிறவரின் கைவேலை. 28 மில்லிமீட்டர் பொம்மை பரவலாகப் புழங்குவது; இடம் குறைவு என்றால் 15 மில்லிமீட்டர், இன்னும் குறைவு என்றால் 6. ஒரு படைக்குப் பெயிண்ட் அடித்து முடிக்கச் சிலருக்கு ஒரு வருடம் ஆகும். அப்படி உழைத்துச் சேர்த்த படை ஆயுளுக்கும் கூட வரும். விதியை மட்டும் நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். செலவும் குறைவு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிளப்புகளில் ஆடுகிறவர்களின் அலமாரியில் ஆடிய விதிநூல்களைவிட ஆடாதவை அதிகம் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

விலக்காக நிற்கும் பெரிய பெயர் வார்ஹாம்மர். 1983-ல் தொடங்கிய இந்த விளையாட்டில் பொம்மையும் விதியும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற ஒரே நிறுவனத்துடையவை. விண்வெளிப் போரான வார்ஹாம்மர் 40,000-க்கு 2017-ல் எட்டாம் பதிப்பு, 2020-ல் ஒன்பதாம் பதிப்பு, 2023-ல் பத்தாம் பதிப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதியை அவர்களே மாற்றிவிடுவதால் ஆடுகிறவருக்குத் தேடும் வேலை மிச்சம். காசுதான் மிச்சமில்லை.

அம்பயரின் பென்சில்

ஓராக்கின் சிக்கலை முதலில் தீர்த்தவர்கள் பிரஷ்யர்கள். கவனிக்க வேண்டியது, அவர்கள் பொழுதுபோக்குக்காக இதைச் செய்யவில்லை. பீரங்கிப்படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி. அவருடைய அப்பா அதற்கு முன்பே மன்னருக்கென்று மேசைமேல் மேடுபள்ளம் செய்து ஒரு வடிவத்தை உருவாக்கியிருந்தார். மகன் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கட்டைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம்.

அதன் உயிர்நாடி அம்பயர். ஆடுகிறவர் கட்டையைத் தொடக்கூடாது. "வலப்பக்கம் முன்னேறு, கிராமத்தை ஒட்டாதே" என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் ஓராக்காக உட்கார்ந்திருப்பவரிடம் போய்ச் சேரக் குதிரைவீரனுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதன் பிறகுதான் அம்பயர் கொடுப்பார். நடுவே நிலைமை மாறியிருக்கும். எழுதியது தெளிவாக இல்லையென்றால் வாங்கியவர் தனக்குப் புரிந்தபடி செய்வார். எதிரி எங்கே என்பது ஒருவர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அளவுக்குத்தான் படத்தில் வைக்கப்படும். இங்கே ஓராக் வழி தவறுவதற்குப் பகடை தேவையில்லை. மனிதர்கள் போதும்.

ஆனால் சேத விவரத்துக்கு அட்டவணையும் பகடையும் இருந்தன. அவற்றைப் புரட்டிப் புரட்டி ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல் அட்டவணைகளை ஓரம்கட்டினார். அனுபவமுள்ள அம்பயர் நிலைமையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். எழுதிய விதியா, ஆளின் தீர்ப்பா என்ற வழக்கு அன்று தொடங்கியது. இன்றும் எந்த கிளப்பிலும் டீ ஆறுவதற்குள் அது எழுந்துவிடும்.

எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தில் இந்த வழக்கை வேறு மாதிரி முடித்தார். அம்பயரும் வேண்டாம், பகடையும் வேண்டாம். ஸ்ப்ரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைப் போட்டு நிஜமாகவே சுடு. எந்தச் சிப்பாய் விழுகிறானோ அவன் செத்தான். காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரை இரண்டடி. கைகலப்பு என்றால் ஆளுக்கு ஆள் சரிசமமாக எடுத்துவிட வேண்டும். வெல்ஸின் தரையில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. விழுந்தது விழுந்ததுதான். ஓராக்குக்கும் இடமில்லை. எல்லாச் சிப்பாய்களும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' இந்தப் பொழுதுபோக்கை இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தபோது மரக்குச்சியின் இடத்தில் பகடை வந்து உட்கார்ந்தது. கீழ்ப்படிதல் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

உரக்கச் சொல், பிறகு உருட்டு

2009-ல் வந்த பிளாக் பவுடர் என் மனதுக்கு நெருக்கமானது. எழுதியவர்கள் ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும். இருவரும் வார்ஹாம்மரோடு வளர்ந்தவர்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிப் போர்களுக்கான விதி என்பதால் அசாயேவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

இதில் படையை நகர்த்துவதற்கு முன் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முன்காவல் படை வயல் வழியாகப் போய், 74வதுக்கு இடப்பக்கம் நிற்கட்டும்" என்று எதிராளி காதில் விழும்படி சொல்லியாக வேண்டும். அதன் பிறகு இரண்டு பகடை. தளபதியின் தரம் 8 என்று வைத்துக்கொள்வோம். 7 அல்லது 8 விழுந்தால் படை ஒரு நகர்வு போகும். 6 விழுந்தால் இரண்டு. 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் மூன்று நகர்வு; மேசையின் பாதி தூரத்தை ஒரே மூச்சில் கடந்துவிடலாம். 9-ம் அதற்கு மேலும் என்றால் கட்டளை போய்ச் சேரவில்லை, படை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தத் தளபதி அந்த முறைக்கு வேறு யாருக்கும் உத்தரவு போட முடியாது.

இரண்டு பகடையில் 36 விதமான விழுதல்கள் உண்டு. 5-ம் அதற்குக் கீழும் விழுவது அதில் 10. 9-ம் அதற்கு மேலும் விழுவதும் 10. சராசரித் தளபதியின் படை அசையாமல் நிற்பதற்கும் தலைதெறிக்க ஓடுவதற்கும் ஒரே வாய்ப்பு! பொம்மைகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது இது கண்ணில் படாது. தாளில் எழுதிப் பார்த்தால்தான், இந்த விதியை எழுதியவர்கள் போரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று புரியும்.

ஓராக்கும் இங்கே இருக்கிறார். இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் அது குளறுபடி. இன்னொரு பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்துப் படை பின்வாங்கும், பக்கவாட்டில் சாயும், அல்லது எதிரியைப் பார்த்துப் பாயும். 36-ல் ஒன்றுதான் வாய்ப்பு. ஆனால் ஒரு சாயங்காலத்தில் இரண்டு பேருமாக எத்தனை முறை உருட்டுகிறார்கள்! எங்கேயாவது ஒருமுறை விழுந்தே தீரும். விழும்போது மேசையைச் சுற்றி எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். கட்டளையை முன்கூட்டியே உரக்கச் சொன்னதுதான் அந்தச் சிரிப்புக்குக் காரணம். மனதுக்குள் நினைத்துக்கொண்டு உருட்டியிருந்தால், "நானும் அங்கேதான் போக நினைத்தேன்" என்று சமாளித்துவிடலாம்.

போட்டி மனப்பான்மையோடு ஆடுகிறவர்களுக்கு இது வேப்பங்காய். நூறு பேர் கலந்துகொள்ளும் டோர்னமென்டில் பகடை ஒன்று தப்பாக விழுந்ததால் என் குதிரைப்படை நகரவே இல்லை என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? வார்ஹாம்மர் 40,000-ல் சிப்பாய்கள் சொன்னபடி நகர்வதும், தற்செயலைச் சுடுவதிலும் வெட்டுவதிலும் வைத்திருப்பதும் காரணத்தோடுதான். அந்த விளையாட்டில் இரண்டு பக்கமும் புள்ளிக் கணக்கில் சமமாக இருக்க வேண்டும். 2015-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப், வாளும் மந்திரமுமான தன் பழைய வார்ஹாம்மரை நிறுத்தி, ஏஜ் ஆஃப் சிக்மார் என்று நாலே பக்க விதியை இலவசமாகக் கொடுத்தது. புள்ளிக் கணக்கே இல்லை. குள்ளர் படைக்காரரின் சொந்தத் தாடி எதிராளியின் தாடியைவிடப் பெரிதாக இருந்தால் அவருக்குச் சலுகை என்றுகூட ஒரு விதி. ரசிகர்களின் கோபத்துக்கு அளவில்லை. மறுவருடமே புள்ளிகள் திரும்பி வந்தன. 2024-ல் பழைய உலகமே தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் திரும்பியும் வந்துவிட்டது.

எதிராளியின் கைக்குள்

சாம் முஸ்தஃபாவின் புளூக்கர் 2015-ல் வெளியானது, நெப்போலியன் காலத்துப் பெரும்போர்களுக்கானது. இதில் உங்கள் படையை நகர்த்தும் வலிமை எவ்வளவு என்பதற்கு உங்கள் எதிராளி பகடை உருட்டி, உங்களுக்குக் காட்டாமல் மூடி வைத்துக்கொள்வார். நீங்கள் ஒவ்வொரு பிரிவாக நகர்த்த நகர்த்த அவர் மனதுக்குள் கழித்துக்கொண்டே வருவார். தீர்ந்ததும் "போதும்" என்பார். அது எப்போது வரும் என்று தெரியாது. முக்கியமான வேலையை முதலில் செய்யாவிட்டால் அது நடக்காமலே போகலாம். இங்கே ஓராக் தப்பான திசையில் போவதில்லை; ஆனால் அவரைத் தடுத்து நிறுத்த நீங்கள் கை நீட்டும் நேரத்தில் "போதும்" வந்து விழும். பகடை உருட்டும் பிளாக் பவுடரைவிட இது நிஜத்துக்கு நெருக்கம் என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியில் பாதிதான். எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் அந்தப் பதற்றம் சூதாட்டக்காரனுடையது, தளபதியுடையதா என்பது சந்தேகம்.

டூஃபேட்லார்டீஸ் என்ற ஆங்கிலேயக் குழு எழுதிய ஷார்ப் பிராக்டிஸில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு சீட்டு. கட்டிலிருந்து எடுக்க எடுக்க யார் சீட்டு வருகிறதோ அவர் படை வேலை செய்யும். நடுவே 'டிபன்' என்று ஒரு சீட்டு ஒளிந்திருக்கும். அது வந்தால் சுற்று முடிந்தது. ஓராக்கின் சீட்டு அடியில் மாட்டிக்கொண்டு வராமலே போகலாம். இது சில டஜன் ஆட்கள் மோதும் சிறு சண்டைக்கான விதி என்பதால் அசாயே முழுவதையும் இதில் ஆட முடியாது. கிராமத்து வேலியோரம் 74வதின் மிச்சம் மீதி நின்று சமாளிக்கும் கட்டத்தை மட்டும் எடுத்து ஆடலாம். நன்றாகவே வரும்.

பில் பார்க்கரும் ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டும் எழுதி 1990-ல் வந்த டி.பி.ஏ. 1500-ஆம் ஆண்டோடு நின்றுவிடும், ஆகவே அசாயே இதில் வராது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பக்கத்துக்குப் பொம்மைகள் ஒட்டிய பன்னிரண்டே அடித்தட்டுகள், இரண்டடிச் சதுர மேசை, ஒரு பகடை. அந்தப் பகடையில் விழும் எண் எவ்வளவோ அத்தனை குழுக்களைத்தான் நகர்த்தலாம். ஒட்டி நிற்கும் வரிசை முழுவதும் ஒரு குழு. வரிசை உடைந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் செலவு. ஒன்று விழுந்த அன்று, உடைந்த வரிசைக்காரர் பாடு திண்டாட்டம். இவ்வளவு சின்ன விதியில் அணிவகுப்பின் அருமை விளங்கிவிடுகிறது. இதன் படைப் பட்டியல்களில் தமிழர், சிங்களர் படைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. யானைகளோடுதான். பார்க்கரின் நடை மட்டும் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசகம்போல இருக்கும். ஒரு வாக்கியத்தை மூன்று முறை படித்தால்தான் பிடிபடும். இங்கிலாந்துக்காரர்களே அதைக் கேலி செய்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் எதிர்முனையில் நீல் தாமஸ். 2014-ல் வந்த 'ஒன்-ஹவர் வார்கேம்ஸ்'. மூன்றடிச் சதுர மேசை, பக்கத்துக்கு ஆறு படைப்பிரிவு, அவற்றில் நாலே வகை. சாதாரணக் காலாட்படை சுடும்போது பகடையில் என்ன விழுகிறதோ அதுதான் சேதம். 15 சேதம் சேர்ந்தால் பிரிவை எடுத்துவிட வேண்டும். பகடையின் சராசரி மூன்றரை என்பதால் நாலைந்து முறை சுட்டால் ஒரு பிரிவு காலி. கட்டளைக்குப் பகடை கிடையாது, பயந்து ஓடும் விதி கிடையாது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் சுளிக்கவில்லை. கட்டளைச் சிக்கலை அவர் மறக்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்று வேண்டுமென்றே வெட்டியெறிந்தார். ஒரு விதிநூல் எதை விட்டிருக்கிறது என்பதும் அதன் கருத்துதான். புத்தகத்தில் உள்ள 30 போர்க்களங்களை வேறு எந்த விதியோடும் ஆடலாம் என்பது உபரி லாபம்.

பசை காய்ந்த பிறகு

இவ்வளவு விதிகள் இருந்தும் பலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. அடித்தட்டு! பொம்மைகளைத் தனியாக நிறுத்த முடியாது. சின்னத் தட்டில் பசைபோட்டு ஒட்ட வேண்டும். எந்த அளவுத் தட்டு, ஒரு தட்டில் எத்தனை பொம்மை என்பதை விதி சொல்லும். டி.பி.ஏ-யில் 15 மில்லிமீட்டர் பொம்மைக்கு 40 மில்லிமீட்டர் அகலத் தட்டு, பெரிய பொம்மைக்கு 60. பழைய வார்ஹாம்மரில் மனிதக் காலாளுக்கு 20 மில்லிமீட்டர் சதுரம். ஏஜ் ஆஃப் சிக்மாரில் அதுவே வட்டமானது. ஓல்ட் வேர்ல்டில் மறுபடி சதுரம், ஆனால் 25. இருநூறு பொம்மையைக் கத்தியால் பெயர்த்து, உடைந்த கணுக்காலை ஒட்டி, மணலும் புல்லும் மறுபடி தூவும் வேலையை ஒருமுறை செய்தவர் அடுத்த விதிநூலை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பிளாக் பவுடர் போன்றவை, இரு தரப்பும் ஒரே மாதிரி வைத்திருந்தால் எந்தத் தட்டும் சரி என்று விட்டுவிடுகின்றன. அவை பரவியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

ஆகவே விதியைச் சோதிக்கிறவர் பொம்மையே வாங்காமல் தொடங்குவது நல்லது. கல்யாணப் பத்திரிகை அட்டையை நாலு சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி, '74', 'மதராஸ் சிப்பாய்', 'சிந்தியா பீரங்கி' என்று எழுதினால் அசாயே தயார். நீலத் துணிக் கிழிசல்கள் இரண்டு ஆறுகள். கொஞ்சம் அழகு வேண்டும் என்பவர்களுக்கு, ஓவியர் பீட்டர் டென்னிஸ் வரைந்த வெட்டி ஒட்டும் தாள் சிப்பாய்ப் புத்தகங்கள் இருக்கின்றன.

போர்க்களத்தையும் விதியையும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. மாற்றினால் எது எதனால் நடந்தது என்றே தெரியாது. அசாயே அசாயேவாகவே இருக்கட்டும், விதி மட்டும் மாறட்டும். முதல் ஆட்டம் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே போய்விடும், அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டாவதில் பக்கம் மாறி உட்காருங்கள். "இந்த விதி சரியில்லை, நாமே திருத்திவிடலாம்" என்ற ஆசை முதல் அரை மணி நேரத்திலேயே வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பல சமயம் நமக்குக் கோணலாகத் தெரியும் விதி, பத்துப் பக்கம் தள்ளி இன்னொன்றைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனை விதிநூலையும் அடுத்தடுத்துப் போட்டாலும் அசாயேயில் ஒன்று மட்டும் பிடிபடாது. கைத்னா ஆற்றைக் கடக்கத் துறை கிடையாது என்றே வெல்லெஸ்லியின் வழிகாட்டிகள் சொன்னார்கள். அவர் அக்கரையிலும் இக்கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்தார். நடுவே ஆளிறங்கும் துறை இல்லாமல் இப்படி ஊர் அமைந்திருக்காது என்று ஊகித்துப் படையைத் திருப்பினார். துறை இருந்தது. மேசையிலோ, அட்டையில் செய்த ஆற்றில் துறை எங்கே என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆட்டத்துக்கு முன் மூன்று இடங்களில் குறிவைத்து, எது துறை என்று பகடையிடம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் அது அதிர்ஷ்டம், ஊகம் இல்லை. ஊகத்துக்கு ஊர்களும் பாதைகளும் வரைந்த படம் ஒன்று இருவர் முன்னாலும் இருக்க வேண்டும். விடை தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். 1824-லேயே ரைஸ்விட்ஸ் போட்டு வைத்த நாற்காலி அது. அதில் உட்காரத்தான் யாரும் சம்மதிப்பதில்லை. எல்லோருக்கும் வெல்லெஸ்லி ஆக வேண்டும்.